பழைய பேஸ் கிட்டாரில் தந்தி உயரம்: பிரிட்ஜ் திருகு கடைசியில்தான்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் வீட்டு கராஜ்களைத் துழாவினால் பழைய பேண்ட் காலத்து பேஸ் கிட்டார் ஒன்று இன்னும் அகப்படும். மாமாவோ தாத்தாவோ கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தது. பெட்டியின் பூட்டு துருவேறி, தந்தி கறுத்துக் கிடக்கும். எடுத்து வாசித்தால் விரல் நோகும், தந்தி அவ்வளவு உயரத்தில் நிற்கும். இல்லையென்றால் தொட்ட இடமெல்லாம் கரகரவென்னும். உடனே கை போவது பிரிட்ஜில் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) உள்ள சின்னத் திருகுகளுக்குத்தான். பாதிப் பிழை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை நான்கு இடங்கள் தீர்மானிக்கின்றன. நெக்கின் (நீண்ட கழுத்துப் பகுதி) வளைவு, தலைப்பக்கம் தந்தி உட்காரும் நட்டின் பள்ளம், நெக் உடலோடு சேரும் கோணம், கடைசியாகப் பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடில். முன்னைய மூன்றும் கோணலாக இருக்கும்போது சேடிலை இறக்கினால் ஓரிடம் சரியாகி இன்னோரிடம் கெடும். பிறகு அதைச் சரிக்கட்ட இன்னொரு திருகு, அதைச் சரிக்கட்ட மற்றொன்று. ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்: புதுத் தந்தி, சுருதி, நெக் வளைவு, நட், சேடில் உயரம், பிறகு சேடிலின் முன்பின் நிலை, எல்லாம் முடிந்ததும் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பாகம்).

கை வைக்கும் முன்

இப்போது இருக்கிற நிலையை எழுதி வையுங்கள். 17-ஆவது ஃபிரெட்டின் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல் நான்கு தந்திகளின் உயரம், ஒவ்வொரு சேடிலும் பிரிட்ஜின் பின் விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ., திருகுகள் சேடிலுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன. போனில் நாலைந்து படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடத்துக் கருவியில் முன்பு ஒருவர் நன்றாகச் செய்து வைத்த வேலை இருக்கலாம். அதைக் கலைத்துவிட்டால் திரும்பப் போக வழி வேண்டும்.

கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை. அரை மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், தந்திகளை அழுத்திப் பிடிக்கும் ஒரு கேப்போ, நல்ல டியூனர், அளவு பொருந்திய திருப்புளிகள். வளைவை அளக்க, மெல்லிய தகடுகளாலான ஃபீலர் கேஜ் வேண்டும். இசைக்கடையில் தேட வேண்டாம், வால்வ் இடைவெளி பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அதே கேஜ்தான், எந்த மோட்டார் ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும்.

ஆலன் கீ (ஆறுமூலைத் திருப்புக்கோல்) விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பழைய பாணி ஃபெண்டர் சேடில் திருகுகளுக்கு 0.050 அங்குலக் கீ, அதாவது 1.27 மி.மீ. பிந்தைய அமெரிக்க பிரிட்ஜ்கள் சிலவற்றில் 1/16 அங்குலம், அதாவது 1.59 மி.மீ. ஜப்பானியக் கருவிகளில் பெரும்பாலும் 1.5 மி.மீ. 1/16 அங்குல ஓட்டையில் 1.5 கீயும் உள்ளே போகும், திரும்புவது போலவும் இருக்கும். இறுகிய திருகில் பலம் கொடுத்தவுடன் ஆறு மூலையும் வழித்துக்கொண்டு வட்டமாகிவிடும். அப்புறம் அந்தத் திருகைக் கழற்றுவது அரை நாள் வேலை. அங்குல செட் ஒன்று, மி.மீ. செட் ஒன்று, இரண்டும் வைத்திருங்கள். கீ ஆடாமல் கச்சிதமாக உட்கார்கிறதா என்று பார்த்த பிறகே திருப்புங்கள்.

எந்த பிரிட்ஜ் என்று முதலில் பாருங்கள்

எல்லாப் பழைய பேஸும் ஒரே மாதிரி அல்ல. 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் நான்கு தந்திக்கு இரண்டே சேடில்கள், ஜோடிக்கு ஒன்று. 1957-இல் அது நான்கு சேடிலாக மாறியது. இரண்டு சேடில் வகையில் ஜோடித் தந்திகள் இரண்டும் முழுச் சுருதியில் நிற்காது. ஒன்று சரியென்றால் மற்றது நூலிழை விலகும், நடுவில் ஒரு சமரசம் செய்துகொள்ள வேண்டியதுதான். அதற்காக அசல் பிரிட்ஜைக் கழற்றிவிட்டு, கனமான புது பிரிட்ஜுக்குப் புதிதாக ஓட்டை போடுவது வீண்வேலை. கருவியின் மதிப்பும் போகும், அந்த ஓட்டைகளும் போகாது.

அறுபதுகளின் நான்கு சேடில் வகைதான் அதிகம் பார்க்கக் கிடைப்பது, அதன் ஜப்பானிய நகல்களும் சேர்த்து. மடித்த தகடு, அதன் மேல் உருளை உருளையாக நான்கு சேடில்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு உயரத் திருகு, பின்னால் ஸ்பிரிங்கோடு ஒரு நீளத் திருகு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இந்த வகைக்கே.

பழைய கிப்சன் பேஸ்களில் பிரிட்ஜ் முழுவதும் ஒரே கட்டையாக இருக்கும். இரண்டு பெரிய திருகில் நிற்கும் வகையில் தடித்த தந்திப் பக்கமும் மெல்லிய தந்திப் பக்கமும் மட்டும் ஏறி இறங்கும், தந்திக்குத் தந்தி உயரம் மாற்ற முடியாது. எழுபதுகளில் வந்த மூன்று திருகு வகையில் மூன்றையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் திருப்பினால் கட்டை சாய்ந்து, மற்ற இரண்டின் மரையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு வகையிலும் தந்தியைத் தளர்த்திவிட்டே திருப்புங்கள்.

ஹோஃப்னர் வயலின் பேஸில் பிரிட்ஜ் உடலில் ஒட்டப்படவே இல்லை. தந்தியின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதன் காலைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துவிட்டு, தந்தியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சுருதியைச் சரிசெய்ய, மேல்கட்டையின் பள்ளங்களில் செருகியிருக்கும் ஃபிரெட் கம்பித் துண்டுகளைப் பள்ளம் மாற்றிச் செருக வேண்டும்.

பழைய ரிக்கன்பேக்கர் 4001 கையில் இருந்தால் பிரிட்ஜ் வேலையைச் செய்யுங்கள், ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவை மாற்ற உள்ளே ஓடும் கம்பி) தொடாதீர்கள். அதில் இரண்டு ராடுகள். எண்பதுகளின் நடுப்பகுதிக்கு முந்தையவற்றில் ராடின் முனையில் உள்ள மரையை இறுக்கி நெக்கை வளைக்கக் கூடாது. நெக்கைக் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் மரையை ராடோடு சேர்க்க வேண்டும். சாதாரண கிட்டார் போல நினைத்து மரையை முறுக்கியதில் விரல்பலகை பிளந்த கதைகள் நிறைய.

தந்தி, பிறகு நெக்

எந்தத் தந்தியில் வாசிக்கப் போகிறீர்களோ அதைப் போட்ட பிறகே அளவெடுங்கள். பழைய பேஸில் தடித்த ஃபிளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான தந்தி) இருந்து, அதற்குப் பதில் 45–105 (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில்) ரவுண்ட்வவுண்ட் போட்டால் இழுவிசை குறையும், நெக் பின்னுக்குப் போகும். நான்கு தந்தியும் சேர்ந்து எழுபது எண்பது கிலோ அளவுக்கு நெக்கை இழுக்கின்றன. அதில் ஒரு பங்கு மாறினால் வளைவும் மாறத்தான் செய்யும். புதுத் தந்தி போட்டு, சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

வளைவை அளக்க: முதல் ஃபிரெட்டில் கேப்போ, கடைசி ஃபிரெட்டில் E தந்தியை (நான்கில் மிகத் தடித்தது) விரலால் அழுத்துங்கள். இப்போது தந்தியே ஒரு நேர்கோடு. 8-ஆவது ஃபிரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜைச் செருகுங்கள். விரல்பலகை நன்றாக உருண்ட (7.25 அங்குல ஆரம்) பழைய ஃபெண்டருக்கு 0.35 மி.மீ. நல்ல ஆரம்பம். தட்டையான பலகைக்கு 0.25 முதல் 0.3. விசிட்டிங் கார்டு ஒன்று ஏறத்தாழ 0.3 வரும், கேஜ் இல்லாதபோது அது போதும். வங்கி அட்டை 0.76 மி.மீ., அது நுழைந்தால் வளைவு மிக அதிகம்.

வளைவு அதிகமென்றால் ராடை வலப்புறம் இறுக்குங்கள், குறைவென்றால் இடப்புறம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பழைய ஃபெண்டரில் ராடின் முனை நெக்கின் அடிப்பக்கம் இருப்பதால் பெரும்பாலும் நெக்கையே கழற்ற வேண்டியிருக்கும். தந்தியைத் தொய்யும் வரை தளர்த்தி, முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டால் தந்தி உருளையிலிருந்து அவிழாது. பின்னால் நான்கு திருகுகளையும் எடுத்து, ராடின் கூட்டல் குறிப் பள்ளத்தை முழுவதும் நிரப்புகிற திருப்புளியால் கால் சுற்று, பின் பூட்டு, சுருதி, மறுபடி அளவு. சலிப்பான வேலைதான், ஆனால் சின்னத் திருப்புளியால் குறுக்குவழி தேடிப் பள்ளத்தை வழித்தெடுப்பதைவிட மேல். திருகுகளைத் திரும்பப் போடும்போது முதலில் இடப்புறமாக மெல்லச் சுற்றுங்கள். “டக்” என்று பழைய மரைக்குள் விழும், அப்புறம் வலப்புறம் இறுக்குங்கள். நேரே முறுக்கினால் மரத்தில் புது மரை வெட்டி, இரண்டு மூன்று தடவையில் பிடிப்பே போய்விடும்.

ராடு அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். உடைந்த ராடுக்கு வீட்டில் மருந்து கிடையாது.

நட்டைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மூன்றாவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி, முதல் ஃபிரெட்டின் மேல் தட்டிப் பாருங்கள். தாள் நுழையும் அளவுக்கு மெல்லிய இடைவெளி இருந்து “டிக்” என்று சத்தம் வந்தால் சரி. இடைவெளியே இல்லை, திறந்த தந்தி கரகரக்கிறது என்றால் பள்ளம் ஆழமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய இடைவெளி என்றால் முதல் சில ஃபிரெட்டுகளில் கை வலிக்கும், அழுத்தும்போது சுருதியும் ஏறும். அரம் கையாளப் பழகாதவர்கள் நட்டை விட்டுவிடுவது நல்லது. அராவியெடுத்த நட்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

துருவும் உப்பும்

டர்பன் கரையோரத்தில் சேடில் திருகு அசையாமல் போவது அன்றாடக் கதை. ப்ளஃப், இசிபிங்கோ போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்று, கோடையில் ஈரம், வாசிப்பவரின் வியர்வை. கோயில் பஜனையில் வாசித்த கருவி என்றால் விபூதியும் கற்பூரப் புகைக் கரியும் சேர்ந்து மரைக்குள் சிமெண்ட் போல இறுகியிருக்கும்.

இறுகிய திருகைக் கருவியிலேயே வைத்துப் போராடாதீர்கள். தந்தியை எடுத்து, பின்னால் உள்ள நீளத் திருகை முழுவதும் கழற்றினால் சேடில் தனியாக வந்துவிடும். E, A, D, G என்று நான்கு குழியில் பிரித்துப் போடுங்கள், பழைய முட்டை அட்டை இதற்கு அருமையாகப் பொருந்தும். ஸ்பிரிங்குகளின் நீளம் வேறு வேறாக இருக்கலாம், கலந்துவிட்டால் பின்னால் தலைவலி.

சேடிலைக் க்யூ20 போன்ற ஊடுருவும் எண்ணெயில் இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, ஆலன் ஓட்டையில் அடைந்திருக்கும் அழுக்கை ஊசியால் கிளறி எடுங்கள். இதைச் செய்யாமல் கீயைச் செருகினால் அது பாதிதான் உள்ளே போகும், ஓட்டையின் வாய் வழித்துக்கொள்ளும். அதற்கும் அசையவில்லையா, சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றி, ஆறியதும் முயலுங்கள். சூடும் குளிரும் துருவின் பிடியை உடைக்கும். முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தினால் விடுபட வாய்ப்பு அதிகம்.

எண்ணெயை உடலின் மேல் தெளிக்க வேண்டாம். பழைய வார்னிஷ் ஓட்டைகளின் விளிம்பில் பிளந்திருக்கும், அதன் வழியே எண்ணெய் மரத்துக்குள் இறங்கினால் கறை வெளியே வராது. தகட்டையும் கழற்றினால் அடியில் ஒரு எர்த் வயரோ உலோகப் பட்டையோ இருக்கும். அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அது தகட்டைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஆம்ப் இரையும். இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். பிரிட்ஜும் தந்தியும் மின்சார வழியில் ஆம்பின் உடலோடு இணைந்தவை. பழைய வால்வ் ஆம்பில் இரண்டு கம்பி வயர் இருந்தால், மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகே செருகுங்கள். 230 வோல்ட் வரும் வீட்டில் இதில் விளையாட்டு கூடாது.

சேடில் உயரம்

இப்போதுதான் அந்தச் சின்னத் திருகுகளுக்கு வருகிறோம். 17-ஆவது ஃபிரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிவரை அளக்க வேண்டும். கேப்போ இருக்கக் கூடாது, கருவி வாசிக்கும் நிலையில் நிற்க வேண்டும். மேசையில் படுக்க வைத்தால் நெக் தன் எடையில் கொஞ்சம் மாறும். 7.25 அங்குல ஆரத்துக்கு ஃபெண்டர் தரும் அளவு: E பக்கம் 7/64 அங்குலம், அதாவது 2.8 மி.மீ.; G பக்கம் (மிக மெல்லிய தந்தி) 6/64, அதாவது 2.4 மி.மீ. தட்டையான பலகைக்கு E பக்கம் 6/64, அதாவது 2.4 மி.மீ.; G பக்கம் 5/64, அதாவது 2.0 மி.மீ. விரலால் மெல்ல வாசிப்பவர் இதிலிருந்து கால் மி.மீ. இறக்கலாம். பிக் வைத்து அடிப்பவர், கோயில் முற்றத்தில் மேளத்துக்கு ஈடு கொடுத்து ஓங்கி வாசிப்பவர், அரை மி.மீ. ஏற்றிக்கொள்வது நல்லது. தாழ்ந்த தந்தியைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. பேஸுக்கு அது அவ்வளவு நல்லதல்ல, தந்தி ஆட இடம் வேண்டும், இடமில்லாத ஆட்டத்தில் ஒலி சுருங்கும்.

சேடிலை 1 மி.மீ. ஏற்றினால் 17-ஆவது ஃபிரெட்டில் தந்தி 0.6 மி.மீ. அளவே ஏறும், 12-ஆவதில் அரை மி.மீ. நட் பக்கம் அசையாமல் நிற்பதால் அப்படி. ஆகவே 17-இல் 0.3 மி.மீ. இறக்க வேண்டுமென்றால் சேடில் அரை மி.மீ. இறங்க வேண்டும். உங்கள் திருகின் ஒரு சுற்று எவ்வளவு என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் பிறகு எண்ணியே வேலை செய்யலாம். மூன்று மி.மீ. விட்டமுள்ள சாதாரண மெட்ரிக் திருகில் ஒரு முழுச் சுற்று அரை மி.மீ.

வலப்புறம் திருப்பினால் திருகு தகட்டை அழுத்தி, சேடில் ஏறும். ஏற்றும் முன் அந்தத் தந்தியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முழு இழுவிசைக்கு எதிராகத் திருப்புவதில்தான் ஆலன் ஓட்டைகள் வழிக்கின்றன. ஒரு சேடிலின் இரண்டு திருகையும் சமமாக, கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். திரும்பச் சுருதி சேர்த்து அளந்து பாருங்கள்.

முதலில் E, பிறகு G. நடுவில் உள்ள A, D தந்திகள் அவற்றின் நேர்கோட்டில் நிற்கக் கூடாது, பலகையின் உருட்டைத் தொடர்ந்து உயர வேண்டும். 7.25 அங்குல ஆரத்துக்கு, தந்திகள் 19 மி.மீ. இடைவெளியில் இருந்தால், நடுத் தந்திகள் ஓரத் தந்திகளைவிட ஏறத்தாழ 2 மி.மீ. உயரத்தில் நிற்கும். 9.5 அங்குலத்துக்கு 1.5 மி.மீ. கணக்கு வேண்டாம் என்றால், கெட்டி அட்டையில் காம்பஸால் 184 மி.மீ. ஆரத்தில் வில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் தந்திகளின் மேல் பிரிட்ஜுக்கு அருகில் வைத்தால் எந்தத் தந்தி தாழ்ந்திருக்கிறது என்று வெளிச்சம் காட்டிவிடும்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில. இரண்டு திருகில் ஒன்று தகட்டைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால், அந்தச் சேடில் தன் பாட்டுக்கு ஜலதரங்கம் வாசிக்கும். விரலால் தட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. சேடில் ஒரு பக்கம் அதிகம் சாய்ந்தால், சுற்றிலும் மரை வெட்டிய பழைய உருளையில் தந்தி மெல்ல மெல்ல வழுக்கி அடுத்த மரைக்குப் போகும், ஓங்கி அடித்தால் குதித்தே போகும். மரைகள் அப்படி இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. தந்தியைத் தூக்கி நகர்த்தித் தந்திகளுக்கு இடையிலான தூரத்தை உங்கள் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஓரத் தந்திகள் பலகையின் விளிம்புக்கு மிக அருகில் போகாமல் பாருங்கள்.

சேடில் மிகத் தாழ்ந்திருந்தால் திருகுகளின் தலை மேலே முள் போல நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கிழிக்கும். அசல் திருகைத் தேய்த்துக் குட்டையாக்காதீர்கள். அதே மரையில் குட்டையான திருகு வாங்கிப் போட்டு, அசலை ஒரு பையில் போட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். வாசிக்க வாசிக்கத் திருகு தானாக இறங்குகிறது என்றால், மரையில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு துளி போதும். வேண்டும்போது திரும்பும், அதிர்வில் திரும்பாது. பலமான லாக் பசை வேண்டாம்.

இறங்க இடமில்லை என்றால்

சேடில் தகட்டில் உட்கார்ந்துவிட்டது, தந்தி இன்னும் உயரம். அல்லது நேர்மாறாக, சேடில் உச்சிக்கு ஏறியும் தந்தி தாழ்வு. இது பிரிட்ஜின் குற்றமல்ல, நெக்கின் கோணம். திருகு நெக் உள்ள கருவிகளில் நெக் உட்காரும் குழிக்குள் மெல்லிய தகடு ஒன்றை வைத்துக் கோணத்தை மாற்றலாம். நெக்கைக் கழற்றும்போது தொழிற்சாலையிலேயே வைத்த பழைய தகடு உள்ளே இருக்கக்கூடும், எறிந்துவிடாதீர்கள். எழுபதுகளின் மூன்று திருகு ஃபெண்டர்களில் இந்த வேலைக்கென்றே நெக் தட்டில் ஓர் ஆலன் திருகு உண்டு. மூன்று திருகையும் சற்றுத் தளர்த்திய பிறகே அதைத் திருப்ப வேண்டும்.

தந்தி உயரம் குறைய, தகடு குழியின் பிரிட்ஜ் பக்க விளிம்பில் போக வேண்டும். அது நெக்கின் தலையைப் பின்னுக்குச் சாய்க்கும். சிறிய தகடு பெரிய மாற்றம் தரும்: குழி 75 மி.மீ. நீளம் என்றால், வெறும் அரை மி.மீ. தகடு சேடில் இருக்கும் இடத்தில் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டும். ஆகவே கால் மி.மீ.யில் தொடங்குங்கள். முழுக் குழியையும் நிரப்புகிற, ஆப்பு போலச் சரிவாகச் சீவிய மேப்பிள் தகடுதான் மேல். அது கிடைக்கும் வரை கெட்டி அட்டைத் துண்டு ஒன்று பாதகமில்லை. ஒட்டாதீர்கள். ஒட்டிய நெக் கொண்ட கிப்சன், ஹோஃப்னர் வகைகளில் இந்த வழி இல்லை. அவற்றில் நெக் எழும்பியிருந்தால் மறு ஒட்டு வேலை தெரிந்த கைவினைஞரிடம்தான் போக வேண்டும்.

சேடிலை முன்பின் நகர்த்துவது

உயரம் மாறினால் சுருதியும் மாறும். உயர்ந்த தந்தியை அழுத்தும்போது அதிகம் இழுபடுவதால் சுரம் ஏறி ஒலிக்கும். அதனால்தான் இது உயரத்துக்குப் பிறகு.

முதலில் பிக்கப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். காந்தம் மிக அருகில் இருந்தால் தடித்த E தந்தியை இழுத்து, ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்து அலைவது போலக் கேட்கும், டியூனரும் நிலைகொள்ளாது. சேடிலைத் தாண்டியவுடன் தந்தியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தி, அது கூர்மையாக மடங்கி நேராகப் போகச் செய்யுங்கள். தடித்த புதுத் தந்தி வளைந்து எழும்பியிருந்தால் எவ்வளவு நகர்த்தினாலும் சுருதி பிடிபடாது.

12-ஆவது ஃபிரெட்டின் மேல் மெல்லத் தொட்டு ஹார்மானிக்கை டியூனரில் சரியாக வையுங்கள். அதே இடத்தில் வழக்கமாக வாசிக்கும் அழுத்தத்தில் அழுத்தி வாசியுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடில் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு திறந்த தந்தியைத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும். சரியாக முடிந்தால் G சேடில் எல்லாவற்றுக்கும் முன்னால், E எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும். இந்த வரிசை மாறியிருந்தால் ஏதோ ஒரு தந்தி கெட்டது, பெரும்பாலும் முறுக்கிக்கொண்டு ஏற்றியது.

34 அங்குலக் கருவியில் நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் 432 மி.மீ. அங்கிருந்து சேடில் அதே தூரமோ சில மி.மீ. கூடுதலோ இருக்க வேண்டும். ஹோஃப்னரின் பிரிட்ஜ் இடம்மாறிப் போயிருந்தால் இதே முறையில் அதன் 30 அங்குல நீளத்தைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கலாம். E சேடில் பின்னால் போக இடமில்லாமல் ஸ்பிரிங் முழுவதும் நசுங்கி நின்றால், ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பாதி நீளமுள்ளது போடுங்கள். சேடில் தாழ்ந்த நிலையில் தந்தி நீளத் திருகின் தலையையோ ஸ்பிரிங்கையோ உரசினால் உலோகச் சிலுசிலுப்பு வரும். அதை ஃபிரெட் கரகரப்பு என்று நினைத்து உயரத்தை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

கடைசியாகப் பிக்கப். கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, பிக்கப்பின் முகத்திலிருந்து E தந்திக்கு 3.2 மி.மீ., G தந்திக்கு 2.4 மி.மீ. பழைய பிக்கப், திருகைத் தளர்த்தியும் எழும்ப மறுத்தால், அடியில் உள்ள நுரை பொடிந்து போயிருக்கும். புது நுரைத் துண்டு வெட்டி வையுங்கள்.

கரகரப்பு இன்னும் இருந்தால்

தம்புராவில் தந்திக்கடியில் நூல் வைத்து ஜீவா பிடிப்போம், அந்த ரீங்காரமே அதன் உயிர். பேஸில் அதை விரட்டப் படாதபாடு. எங்கே கேட்கிறது என்பதே பாதி விடை.

திறந்த தந்தியில் மட்டும்: நட். முதல் நாலைந்து ஃபிரெட்டில்: வளைவு போதவில்லை, ராடைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். 12-க்கு மேல்: சேடில் தாழ்வு, அல்லது நெக் உடலோடு சேரும் இடத்தில் பலகை மேல்நோக்கி எழும்பியிருக்கிறது. பழைய கருவிகளில் இரண்டாவது சகஜம். அதை ஃபிரெட்டைச் சீவித்தான் சரிசெய்ய முடியும், பிரிட்ஜால் அல்ல. ஒரே ஒரு இடத்தில் மட்டும்: அதற்கு அடுத்த ஃபிரெட் கிளம்பியிருக்கிறது. வங்கி அட்டையின் விளிம்பை மூன்று ஃபிரெட்டின் மேல் வைத்து ஆட்டினால் தராசு போல ஆடும், நடுவில் உள்ளதுதான் குற்றவாளி. எல்லா இடத்திலும் ஒரே சுரத்துக்கு மட்டும்: ட்யூனிங் கீயின் தளர்ந்த வளையம், பிரிட்ஜ் மூடி, விரல் தாங்கி, இவற்றின் திருகுகளைத் தேடுங்கள்.

G தந்தியில் 5 முதல் 7-ஆவது ஃபிரெட் வரை ஒரு சுரம் மட்டும் எழும்பாமல் சட்டென்று அடங்கினால், அது கரகரப்பல்ல. பல ஃபெண்டர் வகை நெக்குகளின் பிறவிக் குணம். எந்தத் திருகும் அதை மாற்றாது.

ஆம்பில் கேட்காமல் வெறும் காதுக்கு மட்டும் கேட்கிற கரகரப்பை விட்டுவிடுங்கள்.

டர்பனில் சரிசெய்த பேஸை ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவுக்குக் கொண்டுபோனால் கடல் மட்டத்து ஈரக் காற்றிலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்து உலர் காற்றுக்குப் போகிறது, குளிர்காலத்தில் இன்னும் உலர்வு. நெக் எந்தப் பக்கம் நகரும் என்பது அந்த மரத்தைப் பொறுத்தது, நகர்வது மட்டும் நிச்சயம். போய் இறங்கியவுடன் சேடிலைத் திருப்பாதீர்கள். ஒரு நாள் அறையில் வைத்துவிட்டு, எழுதி வைத்த அளவுகளோடு வளைவை மட்டும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ராடில் கால் சுற்றோடு வேலை முடியும், உயரத் திருகுகள் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.